கோல்ஃப் கற்க ஆசை: எஸ்.ஐ.பி.யை ஒரு வருடம் நிறுத்தலாமா?

கேள்வி: வயது 39. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். ராஜாஜி சாலைப் பக்கம் கஸ்டம்ஸ் கிளியரிங் நிறுவனம் ஒன்றில் மேலாளர் வேலை. கைக்கு வரும் சம்பளம் மாதம் 72,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 19,500, மகளின் கல்லூரிக்காக மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 8,000, ஏலச் சீட்டு 5,000, ஆறாவது படிக்கும் அவளுடைய பள்ளிச் செலவு 6,000, வீட்டுச் செலவு 26,000. சேமிப்புக் கணக்கில் 1.4 லட்சம் இருக்கிறது. சீட்டு ஒரு லட்சம். இன்னும் 9 மாதம் பாக்கி. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் கோல்ஃப் ஆடுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடியதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பயிற்சியாளர் 12 வகுப்புக்கு 18,000 முன்பணம் கேட்கிறார். கடையில் 11 மட்டையும் பையும் சேர்ந்த செட் 66,000. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யில் 12 மாதம், மாதம் 5,500. ஒரு வருடம் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு இதில் இறங்கலாமா? அல்லது சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமா?

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எஸ்.ஐ.பி.யையும் சீட்டையும் தொட வேண்டாம், செட்டையும் இப்போது வாங்க வேண்டாம். உங்கள் திட்டத்தில் தவறு செலவின் அளவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த கணக்கைக் கூட்டினால் மாதச் செலவு 64,500. மிச்சம் 7,500. கோல்ஃபுக்கு இதுதான் உங்கள் பணம். வேறெங்கும் கை வைக்கத் தேவையில்லை. வங்கியில் இருக்கும் 1.4 லட்சம் பெரிதாகத் தெரியலாம். வேலை போனால் இரண்டு மாதம் தாங்கும், அவ்வளவுதான். ஆறு மாதச் செலவு கையிருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது இது. இதிலிருந்து 18,000 முன்பணம் எடுத்துக் கொடுப்பது சரியல்ல.

எஸ்.ஐ.பி.யை ஒரு வருடம் நிறுத்தினால் 96,000 ரூபாய் முதலீடாகாமல் போகும். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஏழு வருடம். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி என்று அடக்கமாக வைத்தாலும் (சந்தை அதைத் தரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்) அந்தப் பணம் அப்போது ஏறத்தாழ 1.75 லட்சமாக நிற்கும். 66,000 ரூபாய் செட்டின் உண்மையான விலை அதுதான். நிறுத்திய எஸ்.ஐ.பி. பெரும்பாலும் நிறுத்தியபடியே கிடக்கும் என்பது தனிக் கதை.

சீட்டு விஷயம் சுருக்கமாக. இன்று 12,000 தள்ளி (அதாவது விட்டுக்கொடுத்து) எடுத்தால், கைக்கு வருவது 88,000 ஆகிவிடும். மீதி ஒன்பது தவணையையும் கட்டித்தான் ஆக வேண்டும். இத்தனை மாதம் பொறுத்துவிட்டு, முடியப்போகும் நேரத்தில் ஒரு விளையாட்டுக்காகத் தள்ளு கொடுப்பதில் அர்த்தம் இல்லை. முடிவில் வரும் பணத்தை முதலில் அந்த ஆறு மாதக் கையிருப்போடு சேருங்கள்.

இப்போது 'நோ காஸ்ட்' என்ற வார்த்தைக்கு வருவோம். வங்கி வட்டி வாங்காமல் கடன் கொடுப்பதில்லை. கடை கொடுக்கும் தள்ளுபடியும் வங்கி போடும் வட்டியும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன, அவ்வளவே. 15 சதவீத வட்டி என்று வைத்தால், மாதம் 5,500 வீதம் 12 தவணைக்கு அசல் சுமார் 60,900தான். மீதி 5,100 வட்டி. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. என்றால் அந்த வட்டிமீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில் விழும்: ஏறத்தாழ 900 ரூபாய். அதோடு செயலாக்கக் கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு?" 61,000 பக்கம் ஒரு விலை வந்தால் நோ காஸ்டின் காஸ்ட் தெரிந்துவிடும்.

அந்த விலைக்குக் கிடைத்தாலும் இப்போது வாங்காதீர்கள் என்பதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. (கோல்ஃப்காரர்கள் மட்டையைக் 'கிளப்' என்பார்கள். உறுப்பினராகச் சேரும் கிளப்போடு குழம்பும் என்பதால் இங்கே மட்டை என்றே எழுதுகிறோம்.) மட்டையின் நீளம், தண்டின் விறைப்பு, தலை தரையில் உட்காரும் கோணம் மூன்றும் உங்கள் உயரத்துக்கும் வீச்சின் வேகத்துக்கும் பொருந்த வேண்டும். உயரம் மாறாது, வீச்சு மாறும். முதல் மூன்று மாதத்தில் நிற்கும் விதம், பிடி, வேகம் எல்லாமே வேறாகிவிடும். வேகம் இல்லாதவர் கையில் விறைப்பான 'ஸ்டிஃப்' தண்டு மாட்டினால் பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகும். குறை தன் கையில்தான் என்று நினைத்து அவர் வீச்சையே கெடுத்துக்கொள்வார். அளவெடுக்காமல் சட்டை தைத்துவிட்டு உடம்பைக் குறைக்கப் பார்ப்பது போல. தவிர, விதிப்படி 14 மட்டைக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. இத்தனையாவது வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தொடக்கத்தில் உங்கள் கையில் இருக்கப்போவது ஒரே ஒரு 7-அயன் (நடுத்தர தூரத்துக்கு அடிக்கும் இரும்பு மட்டை). அதைப் பயிற்சியாளர் தருவார், அல்லது பயிற்சி இடத்தில் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

12 வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டுவதும் வேண்டாம். கணக்குப்படி வகுப்புக்கு 1,500. "முதலில் ஆறு மட்டும், ஒவ்வொன்றுக்கும் அன்றன்றே கொடுக்கிறேன்" என்று பேசிப் பாருங்கள். சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை. பேசும்போதே சில விஷயங்களை வெளிப்படையாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். வகுப்பு எத்தனை நிமிடம், தனியாகவா நாலு பேரோடா, பந்துக்கும் இடத்துக்கும் கட்டணம் உள்ளடங்குமா, மட்டை தருவாரா? இவற்றைவிட முக்கியம், எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் மழையில் ரத்தானால் என்ன என்பதும். அக்டோபரில் பணம் கட்டி, மூன்று மாதக் கெடுவில் பாதி ஞாயிற்றுக்கிழமைகளை வடகிழக்குப் பருவமழைக்குக் கொடுத்துவிட்டால் 18,000-இல் பாதி தண்ணீரோடு போய்விடும்.

பதினைந்து நாளுக்கு ஒரு வகுப்பு போதும். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், சொல்லிக் கொடுத்த ஒரே விஷயத்தை மட்டும் ஒரு பக்கெட் பந்தில் பழகுங்கள். வாரா வாரம் வகுப்பு வைத்தால், போன வாரம் சொன்னது கையில் ஏறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். காசு கொடுத்துக் குழப்பம் வாங்கியதாக ஆகும். ஒரு நாளைக்கு 50 பந்துக்கு மேல் வேண்டாம். பயிற்சி இடத்தில் பெரும்பாலும் ரப்பர் விரிப்பின் மேலிருந்துதான் அடிப்பீர்கள். அடியில் இருப்பது கெட்டித் தரை; ஒவ்வொரு தவறான அடியின் அதிர்வும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஏறும். பிசியோதெரபி பில்லுக்கு இந்த பட்ஜெட்டில் இடம் இல்லை.

தெருக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு என்றே சில தவறுகள் உண்டு. வலது கை முந்திக்கொண்டு குறுக்கே இழுத்து அடிக்கும். மட்டை வெளியிலிருந்து உள்ளே வர, அதன் முகம் (பந்தில் படும் தட்டைப் பகுதி) வலப்பக்கம் திறந்திருக்க, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். இதுதான் 'ஸ்லைஸ்'. அடுத்தது, பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று உடம்பை நிமிர்த்துவது. மட்டை பந்தின் தலையில் பட்டு அது தரையோடு உருளும். தூக்குவது உங்கள் வேலையே இல்லை. 7-அயனின் முகம் 30 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருப்பது அதற்குத்தான். மூன்றாவது, இறுக்கிப் பிடிப்பது. முதல் வாரமே கை கொப்பளித்தால் பிடி தவறு என்று அர்த்தம். இந்த மூன்றையும் யூடியூப் பார்த்துத் தனியாகப் பழகித் திருத்த முடியாது. எதைச் செய்கிறோம் என்பது அடிப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான் முதல் பணம் செட்டுக்கு இல்லை, வகுப்புக்கு என்கிறோம்.

இனிப் போக்குவரத்து. வடசென்னையில் ஃபுட்பாலும் பாக்ஸிங்கும் கேரமும் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருப்பது. கோல்ஃப் என்றால் தெற்கே நந்தனம் வரை போக வேண்டும். நல்லவேளை, தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். நீல வழித்தடம் நேராகப் போகிறது. போக வர 100 ரூபாயைத் தாண்டாது. நந்தனம் காஸ்மோ (காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப்) மைதானத்தில் உறுப்பினர் அல்லாதவர்களுக்கு எந்த நாள், எந்த நேரம் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காலர் வைத்த டி-ஷர்ட் போட்டுப் போவது நல்லது. பல மைதானங்களில் காலர் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வகுப்பு 3,000. நான்கு ஞாயிறு, தலா ஒரு பக்கெட் பந்து. பக்கெட் 300 என்று வைத்தால் 1,200. மெட்ரோ 400. ஆக 4,600. மூன்று மாதத்துக்கு 13,800, அதோடு ஒரு கையுறைக்கு 700 போட்டால் 14,500. வலது கைக்காரர் என்றால் கையுறை இடது கைக்கு ஒன்று போதும். தனி ஷூ தேவையில்லை, பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். மாதம் 7,500 மிச்சத்தில் இது அடங்கி, இன்னும் 2,900 கையில் நிற்கும். அதைச் செலவழிக்காமல் ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். மட்டைக்கான பணம் அதுதான்.

ஆனால் ஒரே ஒரு மட்டையை மட்டும் முதல் மாதமே வாங்கலாம்: பட்டர். (வெண்ணெய் அல்ல, குழிக்குப் பக்கத்தில் உருட்டிவிடும் மட்டை.) 18 குழி மைதானத்தில் குழிக்கு இரண்டு உருட்டல் என்று வைத்துத்தான் கணக்கு போடுகிறார்கள். பார் (மைதானத்தை முடிக்க நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை) 72 என்றால் அதில் 36 அடி இந்த ஒரு மட்டைக்குச் சொந்தம். வீச்சு மாறினாலும் பட்டர் பெரிதாகப் பழசாகாது. பயன்படுத்தியதை வாங்கினாலே போதும். ஹாலில் ஒரு பாய் விரித்து, ஐந்தாறு அடி தூரத்தில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து தினம் பத்து நிமிடம் உருட்டுங்கள். உண்மையான குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். டம்ளர் அதைவிடச் சின்னது என்பதால் பழக்கம் இன்னும் நன்றாக வரும். வாடிக்கையாளரோடு முதல் நாள் ஆடும்போது நீண்ட அடி சொதப்பினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூன்றடி தூரத்தில் நாலு தடவை உருட்டினால்தான் பின்னால் வருகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். 12 ஞாயிறில் ஒன்பதுக்காவது போனீர்களா? 7-அயனில் பத்துக்கு ஆறு பந்தாவது மேலெழும்பி, நினைத்த பக்கம் போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அரை செட் வாங்குங்கள்: ஒரு ஹைப்ரிட் (நீண்ட தூரத்துக்கு), 7-அயன், 9-அயன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ் (இவை இரண்டும் குறுகிய தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்க). ட்ரைவர் (அதிக தூரம் அடிக்கும் நீளமான மட்டை) பிறகு வரட்டும். கடையில் கண்ணைப் பறிப்பதும் அதுதான், புதிதாகக் கற்பவர் கையில் அதிகம் தவறுவதும் அதுதான். முதல் கேள்விக்கு இல்லை என்றால் 14,500-ஓடும் பட்டர் விலையோடும் நிறுத்திக்கொள்ளலாம். செட் வாங்கியிருந்தால் 66,000 ரூபாய் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கும்.

பயன்படுத்திய மட்டை வாங்கும்போது பயிற்சியாளரிடம் ஒரு முறை காட்டுங்கள். தலையும் தண்டும் சேரும் கழுத்தில் விரிசல் இருக்கிறதா, தலையை லேசாகத் திருகினால் அசைகிறதா, இரும்புத் தண்டில் நசுங்கலோ துருவோ உண்டா, முகத்துக் கோடுகள் மழுங்கிவிட்டனவா என்று பாருங்கள். பிடி கெட்டியாகிப் பளபளத்தால் பயப்பட வேண்டாம், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலையில் குறைத்துக் கேளுங்கள். நம் பக்கம் கடல் காற்று. ஆடி முடித்ததும் மட்டையைத் துடைத்துக் காயவைக்காமல் உறையில் போட்டால் வெட்ஜில் துரு ஏறிவிடும். கையுறையையும் சுருட்டிப் பைக்குள் போடாதீர்கள், விரித்துக் காயவையுங்கள்.

மைதானத்தில் இறங்கி ஆடும் நாளின் செலவு தனி. நுழைவுக் கட்டணம், கேடி (மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்) கூலி, தொலையும் பந்துகள். விருந்தாளியாகப் போனால் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். கிளப் உறுப்பினர் ஆவதைப் பற்றி இந்த வருடம் யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, இது வாடிக்கையாளர் உறவுக்காக என்றால் நிறுவனத்திடம் கேட்டீர்களா? உங்கள் சொந்தக் கோல்ஃப் செலவுக்குச் சம்பள வருமானத்தில் எந்தக் கழிவும் கிடையாது. நிறுவனம் கிளப் செலவைக் கட்டினால், அது முழுக்க அலுவலுக்காகவே என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொகை உங்கள் சம்பளச் சலுகையாகச் சேர்ந்து வரி விழும். எனவே எந்தத் தேதி, எந்த வாடிக்கையாளர், எதற்காக, எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதி, ரசீதை இணைத்து, மேலதிகாரியின் ஒப்புதலை மெயிலில் வாங்கி வையுங்கள்.