பூஸ்டர் மோட்டாருக்கு டீ ஜாயின்ட் எங்கே போடுவது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பு வீட்டு நீச்சல் குளத்துக்கு, தண்ணீர் பிரஷரில் தானே ஓடிக் குளத்தைச் சுத்தம் செய்யும் போலாரிஸ் 280 கிளீனர் வாங்கினோம். அதற்குப் பிரஷரைக் கூட்டித் தர பூஸ்டர் மோட்டார் என்று தனியாக ஒன்று வேண்டுமாம். குளத்துத் தண்ணீரை ஃபில்டருக்குத் தள்ளும் மெயின் மோட்டாரைத் தாண்டியதும், பூஸ்டருக்குத் தண்ணீர் பிரித்தெடுக்கும் டீ ஜாயின்டைப் போடலாம், அங்கேதான் பிரஷர் அதிகம் என்கிறார் பிளம்பர். பூஸ்டர் எதற்கு, மோட்டாரும் பம்பும் ஒன்றாக வரும் சாதா மோனோபிளாக் போதும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் பேச்சையும் விட்டுவிடுங்கள். டீ போட வேண்டிய இடம் ஃபில்டருக்கு அப்புறம், தண்ணீரில் குளோரின் கலக்கும் குளோரினேட்டருக்கு முன்னால். ஹீட்டர் இருந்தால் அதையும் தாண்டித்தான். ஃபில்டருக்கு முன்னால் எடுத்தால் தென்னை நார், முடி, மண் எல்லாம் கிளீனரின் சின்னத் துவாரங்களில் போய் அடைக்கும். குளோரினேட்டரைத் தாண்டி எடுத்தால் கெட்டியான குளோரின் தண்ணீர் மோட்டார் சீலைத் தின்றுவிடும். பூஸ்டரிலிருந்து குளத்துச் சுவருக்குத் தனி லைன் போக வேண்டும். குளம் கட்டும்போதே அதைப் போட்டிருக்க வேண்டும். கொட்டேஷனில் கலர் விளக்கை மறக்காத கான்ட்ராக்டர்கள் இதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

மோனோபிளாக் விஷயம் கமிஷன் விஷயம். கோயம்புத்தூர் மோட்டார் கிணற்றுக்கும் தொட்டிக்கும் அருமையானது. ஆனால் அதன் வார்ப்பிரும்பு உடம்பு குளோரின் தண்ணீரில் துருப்பிடித்து, குளத்துத் தரையில் செம்பழுப்புக் கறையாக இறங்கும். பூஸ்டரே வேண்டாத கிளீனர்களும் உண்டு, போலாரிஸ் 360 அப்படித்தான். அதற்கும் பூஸ்டரைத் தலையில் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுடையது 280, எனவே பூஸ்டர் கட்டாயம்.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயம். பூஸ்டர் தானாகத் தண்ணீர் உறிஞ்சாது. மெயின் மோட்டார் தள்ளிக் கொடுத்தால்தான் ஓடும். காய்ந்து ஓடினால் சீல் போச்சு. அதனால் மெயின் ஓடி அரை மணி நேரம் கழித்து பூஸ்டர் தொடங்க வேண்டும், மெயின் நிற்பதற்கு அரை மணி முன்பே நிற்க வேண்டும். டைமர் வைத்தால் போதும் என்பார் எலக்ட்ரீஷியன். போதாது. தோட்டத்தில் மெயின் மோட்டார் த்ரீ பேஸ், பூஸ்டர் சிங்கிள் பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேஸ் போனால், மோட்டாரைக் காக்க ஸ்டார்ட்டரோடு இருக்கும் பிரிவென்டர் மெயினை நிறுத்திவிடும். பூஸ்டர் இருக்கும் பேஸில் கரண்ட் இருந்தால் அது பாட்டுக்கு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். நம் பக்கத்துக் கரண்டை நம்பி இதை விடக்கூடாது. மெயின் ஸ்டார்ட்டர் விழுந்தால் பூஸ்டரும் விழும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். 'அதெல்லாம் தேவையில்லைங்க' என்றால் ஆளை மாற்றுங்கள். எர்த்தும், கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் சுவிட்சைத் தொடவே விடாதீர்கள். இலவச விவசாய சர்வீஸிலிருந்து கரண்ட் எடுக்கும் யோசனையும் வேண்டாம், அது பாசனத்துக்கு மட்டும்தான்.

பைப் ஒட்டி முடித்ததும் கிளீனரை மாட்டாமல், மெயினை மட்டும் ஓட்டி லைனைக் கழுவுங்கள். அறுத்த பிவிசி தூள் எல்லாம் வெளியே வரும். அப்புறம் கிளீனரை மாட்டி, ஒரு சக்கரத்தில் டேப் ஒட்டி, தண்ணீருக்குள் வைத்தபடியே ஓடவிட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 32 சுற்று சரி. அதற்கு மேல் போனால் சுவர் ஃபிட்டிங்கில் இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வைக் கொஞ்சம் திருகித் தளர்த்துங்கள். குறைந்தால் முதலில் அங்கே உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.