கேளுங்கள், சொல்கிறேன்: நீல ஹெல்மெட்டும் ரேடியோ பெட்டியும்

கேள்வி: மூன்று வருடமாக ஒரு நாளிதழில் செய்தியாளராக இருக்கிறேன். ஐ.நா. அமைதிப் படையோடு வெளிநாட்டில் வேலை செய்ய ஆசை. ராணுவத்தில் இருந்தால்தான் முடியும் என்கிறார் அப்பா. உண்மையா? (ஒரு வாசகி)

பதில்: இல்லை, ராணுவத்தில் இல்லாமலும் முடியும். அப்பாவிடம் ரேடியோ ஒகாப்பி பற்றிச் சொல்லுங்கள். 2002 பிப்ரவரியில் காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஐ.நா. அமைதிப் பணியும் ஸ்விட்சர்லாந்தின் இரோந்தெல் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய வானொலி அது. நாடு போர்முனைகளால் துண்டு துண்டாகக் கிடந்த நேரம், ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்துக்குத் தெரியாது, அப்போது பிரெஞ்சு, லிங்காலா, ஸ்வாஹிலி, சிலூபா, கிகோங்கோ என்று ஐந்து மொழிகளில் ஒரே செய்தி எல்லாப் பக்கமும் கேட்டது.

இதற்குப் பின்னால் ருவாண்டா இருக்கிறது. 1994 இனப்படுகொலையின்போது அங்கே ஒரு தனியார் வானொலி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயரையும் முகவரியையும் கார் நம்பரையும்கூட வாசித்தது. அதைப் பார்த்த பிறகுதான், அடுத்த ஆண்டு, இரோந்தெல் பிறந்தது. ஒரே பெட்டிதான், யார் கையில் மைக் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

கம்போடியாவிலும் அப்படித்தான். 1993 மே தேர்தலுக்கு முன் மக்களுக்கு இருந்த பெரிய பயம், யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்பது. ஐ.நா. வானொலி ‘உங்கள் ஓட்டு ரகசியம்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கெமர் ரூஜ் என்ற ஆயுதக் குழுவின் மிரட்டலை மீறி, பதிவு செய்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

சரி, ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் வெளியிலிருந்து போகிறவர் இரண்டாவது ஆள்தான். ஒகாப்பியில் செய்தி சேகரித்தவர்களில் பெரும்பாலோர் காங்கோ நாட்டவர்கள், ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம். அங்கே வேலை பார்த்த செர்ஜ் மஹேஷே 2007 ஜூனிலும், திதாஸ் நமுஜிம்போ 2008 நவம்பரிலும், ஒரே புகாவு நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் ஒப்பந்தம் முடிந்து விமானம் ஏறிவிடலாம், அவர்களுக்கு அதுதான் ஊர். அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தால் போங்கள், பெயர் வாங்கத்தான் என்றால் வேண்டாம்.

போவதென்று முடிவானால் இன்றைக்கே பிரெஞ்சு ஆரம்பியுங்கள். ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு மத்திய ஆப்பிரிக்காவில் நிருபர் வேலை ஓடாது. அப்புறம், ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தொண்டர்கள் அமைப்பில் பதிவு செய்யுங்கள். தொண்டர் என்றாலும் மாதப்படி உண்டு, அமைதிப் பணிகளுக்கும் ஆள் அனுப்புகிறார்கள். இருக்கிற வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள், விசாரித்து எழுதிய அனுபவம்தான் உங்கள் கைமுதல்.

கேள்வி: ஐ.நா. வேலை உறுதி, விசாவுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள் என்று ஓர் ஏஜென்ட் நியமனக் கடிதமே அனுப்பிவிட்டார். நம்பலாமா? (ஒரு வாசகர்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. கடிதத்தில் நீல முத்திரை இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், அதை யாரும் அச்சடிக்கலாம். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள்.