நடைக் குழு ஏன் கலைகிறது? ஆய்வுகள் காட்டும் வழி

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் சார்பில் சென்ற ஆண்டு காலை நடைக் குழு தொடங்கினோம். தினமும் 10,000 அடி என்று இலக்கு வைத்தோம். ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் ஐப்பசி மழையோடு நின்றுவிட்டார்கள். பெரும்பாலோர் 45 வயதைக் கடந்த பெண்கள். பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மீண்டும் தொடங்கும் முன், பொதுச் சுகாதார ஆய்வுகளிலிருந்து நாங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: முதலில் அந்த 10,000 அடி இலக்கைக் கைவிடுங்கள். அது ஆய்வில் பிறந்த எண் அன்று. 1965ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் (நடக்கும் அடிகளை எண்ணும் கருவி) பெயரிலிருந்து பரவியது. 15 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2022இல் வெளியான பகுப்பாய்வு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6,000 முதல் 8,000 அடிகளுக்குள்ளேயே, அகால மரண அபாயத்தைக் குறைக்கும் பலன் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிடுவதைக் காட்டியது. அதற்குக் குறைந்த வயதினருக்கு இது 8,000 முதல் 10,000 வரை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. ஆகவே காய்கறிக் கடைக்கு விறுவிறுவென்று போய்வருவதும் கணக்கில் சேரும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம்.

ஆனால் உங்கள் குழு கலைந்ததற்கு இலக்கு மட்டும் காரணமாக இருந்திருக்காது. எவ்வளவு நடக்க வேண்டும் என்பதோடு, மக்களை எது தொடர்ந்து நடக்க வைக்கிறது என்பதையும் கண்டறிவது பொதுச் சுகாதார ஆய்வின் பணி. இத்துறையின் தொடக்கமே அதைச் சொல்கிறது. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்டார். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யத் தீர்மானித்தவர்கள் அல்லர். அவர்களுடைய வேலையே அவர்களை நடக்க வைத்தது. நடக்காதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு மிக நெருக்கமான சான்று பெரியகாட்டுப்பாளையம், ரங்கரெட்டிப்பாளையம் ஆகிய ஊர்களில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் செய்த ஆய்வு. 20 முதல் 49 வயதுள்ள 485 பேரை, வாரத்தில் நான்கு நாட்கள் 30 நிமிடம் வீதம் 10 வாரம் விரைவாக நடக்கச் செய்தார்கள். அவர்களை ஒரே கூட்டமாகத் திரட்டாமல் 30 சிறு குழுக்களாகப் பிரித்து, சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்களின் மேற்பார்வையில் விட்டார்கள். சுமார் 55 விழுக்காட்டினர் சொன்னபடி நடந்தார்கள். சராசரி மேல் இரத்த அழுத்தம் 1.56 அலகும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 2.82 அலகும் குறைந்தன. தனி ஒருவருக்கு இது சிறிய மாற்றம்தான். ஊர் முழுவதின் சராசரியும் இவ்வளவு இறங்கினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையும் என்பதால்தான் பொதுச் சுகாதாரத் துறை இதைப் பெரிதாக எண்ணுகிறது. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே முழுமையாக நடந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் குழுவில் பாதிப்பேர் நிலைத்தால் அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள்.

எனவே தெரு வாரியாகப் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களை அமையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே தெருவில் மதிப்புள்ள ஒரு பெண்மணி பொறுப்பேற்கட்டும். வராதவர் வீட்டுக்குப் போய், "அக்கா, ஏன் வரவில்லை?" என்று அவர் கேட்பது எந்த அறிவிப்புப் பலகையையும்விட வேலை செய்யும். நேரத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் காலையில் இருக்கும்போது, மாலை ஆறு மணி பலருக்குப் பொருந்தலாம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவதுதான். ஐப்பசி, கார்த்திகைக்கென்று ஒரு கல்யாண மண்டபத்தையோ பள்ளித் தாழ்வாரத்தையோ இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்தது இடம். சென்னை ஆசியாட் காலனியில் குடியிருப்போர் தங்கள் சொந்தச் செலவில் பூங்கா அமைத்த பிறகு, அங்கே உடற்பயிற்சி செய்பவர்களின் விகிதம் சில ஆண்டுகளில் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆக உயர்ந்ததாக நீரிழிவு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வாகனங்களைத் தடுத்திருப்பதால் அங்கே எல்லா வயதினரும் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நடைபாதை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, எத்தனை பெண்கள் எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்ற கணக்கையும் இணைத்து மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். அந்தக் கணக்கே ஒரு சிறிய ஆய்வு. வெறும் கோரிக்கையைவிட அதற்கு எடை அதிகம்.

தொடங்கும் நாளில் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் இடுப்புச் சுற்றளவையும் எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் நடக்கும்போது சர்க்கரை அளவு மிகவும் இறங்கினால் சாப்பிடக் கையில் சிறிது வெல்லமோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். காலில் உணர்வு குறைந்தவர்கள் செருப்பின்றி மணலில் நடக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால், உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.