டீச்சரம்மா பதில்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பென்னாகரம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறான். அவன் படிக்கிறானா, ஒப்பிக்கிறானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு தாய், பாப்பாரப்பட்டி)

பதில்: நல்ல சந்தேகம் அம்மா. படித்த பெற்றோர் பலருக்கே இந்தச் சந்தேகம் வருவதில்லை. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். புத்தகத்தைக் கையில் பிடித்து, வரிக்கு வரி விரலை நகர்த்தி, ராகம் போட்டு வாசிப்பாள். ஒருநாள் அருகில் போய்ப் பார்த்தால் புரட்டியிருந்த பக்கம் வேறு, அவள் வாயில் வரும் பாடம் வேறு!

ஓடும் வாசிப்பை நடுவில் நிறுத்துங்கள். ஏதாவது ஒரு வரியின் மத்தியில் விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்துக்குப் போய் முணுமுணுத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு வந்தால் அது மனப்பாடம். நேராக அந்தச் சொல்லையே எழுத்துக் கூட்டிச் சொன்னால் படிக்கிறான். தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் பரவாயில்லை.

தமிழில் 247 எழுத்து என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் சேர்ந்து வருபவை. ‘கி’ தெரிந்த பிள்ளைக்கு ‘மி’ தானாகவே வர வேண்டும். வரவில்லை என்றால் குறியைக் கற்கவில்லை, எழுத்தைப் படமாகப் பார்த்து வைத்திருக்கிறான் என்று பொருள். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது கொம்பில்தான். அது எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசையோ பின்னால் வரும். ஏழு வயதுக்கு அது அநியாயமாகத்தான் தோன்றும்.

இதற்கு உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை. ‘பென்னாகரம்’ பலகையில் ஒற்றைக் கொம்பு இருக்கிறது. ‘மேட்டூர்’ என்றால் இரட்டைக் கொம்பு. ‘பாலக்கோடு’ வந்தால் இரட்டைக் கொம்போடு காலும் சேர்ந்து வந்துவிடுகிறது. மகனைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் சொன்னது சரியா என்று நடத்துநர் கூவும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாலையில் நீங்கள் அவரைக்காய் நறுக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கட்டும். ‘அப்புறம் என்ன ஆயிற்று, அந்த நரி ஏன் அப்படிச் செய்தது’ என்று கேளுங்கள். கதை புரியாமல் எழுத்தை மட்டும் ஓட்டும் பிள்ளை அங்கே மாட்டிக்கொள்வான். ஒன்று மட்டும் வேண்டாம். ‘எனக்கென்ன தெரியும், நான் கைநாட்டு’ என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகள் கூட்டல் சரியாகப் போடுகிறாள். கழித்தலில் மட்டும் தப்பு. 52-இல் 27 போனால் 35 என்கிறாள். அடித்தும் பார்த்துவிட்டேன். (ஒரு தந்தை, காரிமங்கலம்)

பதில்: முதலில் குச்சியைக் கீழே போடுங்கள் ஐயா. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. நாங்கள் விட்ட பழக்கத்தை நீங்கள் வீட்டில் பிடித்துக்கொண்டால் எப்படி?

அந்த 35 எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? இரண்டில் ஏழு போகாது. அதனால் உங்கள் மகள் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டாள். ஐந்தில் இரண்டு போக 3. ஆக 35. அவள் கண்மூடித்தனமாக எழுதவில்லை. ‘பெரியதில் சிறியதைக் கழிக்க வேண்டும்’ என்ற விதியை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் இந்தத் தப்பைச் செய்யாத பிள்ளைகள் குறைவு. அடித்தால் விடையை மாற்றி எழுதுவாள், விதி மனத்தில் அப்படியே இருக்கும்.

தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி ஒரே அளவாக ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் வைத்தால் 52. இப்போது 27 குச்சி கொடு என்று கையை நீட்டுங்கள். இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஏழு தனிக் குச்சிக்குத் திகைப்பாள். அந்தத் திகைப்பில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, பாடமே அங்குதான் நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு கட்டைப் பிரிப்பாள். தனிக் குச்சி பன்னிரண்டு ஆகும், ஏழைக் கொடுப்பாள். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. நோட்டில் ஐந்தை அடித்து மேலே நான்கு போடுவது எதற்காக என்று அன்றைக்கு விளங்கிவிடும். சில நாள் குச்சியும் நோட்டும் சேர்ந்தே நடக்கட்டும். பிறகு குச்சியை அவளே ஒதுக்கிவிடுவாள். துடைப்பம் நாசமானதற்கு வீட்டில் ஏச்சு விழுந்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

விடையைச் சரிபார்க்க மண்டிக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டில் பணம் வாங்குபவர் கடன் வாங்கியா கழிக்கிறார்? 27-லிருந்து 30-க்கு மூன்று, 50-க்கு இருபது, 52-க்கு இரண்டு, ஆக இருபத்தைந்து என்று விரல் நுனியில் ஏறிப் போகிறார். அதுவும் கணக்குத்தான்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் தமிழ் மட்டும் பேசுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பேசலாமா? (ஒரு தாய், தேன்கனிக்கோட்டை)

பதில்: பேச வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் தமிழில் படித்து மேலே வராமலா போனார்கள்? தெலுங்கில் இருபது வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எண்ணத் தெரியும், தமிழில் பெயர்கள் மட்டும் புதிது. உங்களுக்கே சரளமாக வராத மொழியில் பேசினால் மகளிடம் பேச்சு சுருங்கிப் போகும். ‘சாப்பிடு, குளி, தூங்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் மிஞ்சாது.

அவ்வா தெலுங்கில் கதை சொல்லட்டும். அதே கதையைப் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு உங்கள் மகள் சொல்லட்டும், பாதி தெலுங்கு கலந்தாலும் சரி. முதல் சில மாதம் வகுப்பில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இத்தகைய பிள்ளைகளின் இயல்பு. ‘தண்ணீர் வேண்டும்’, ‘வெளியே போக வேண்டும்’, ‘புரியவில்லை’ என்ற மூன்றையும் மட்டும் தமிழில் முதலிலேயே சொல்லப் பழக்கிவிடுங்கள். கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கு வர மறுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்பாள். திட்டாதீர்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. ஆனால் ‘அரும்பு’ நிலையில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ‘மலர்’. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (ஒரு வாசகர், பர்கூர்)

பதில்: கூச்சம் உங்களுக்கா, மகனுக்கா? கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது, பிள்ளைக்கு எது தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதற்காக. எழுத்தே தெரியாத பிள்ளை முன் மூன்றாம் வகுப்புப் பாடத்தை விரித்து வைத்த காலமும் எனக்குத் தெரியும். அவன் ஆண்டு முழுவதும் கரும்பலகையைப் பார்த்து எழுத்துகளை வரைந்துகொண்டே இருப்பான். அதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆசிரியரிடம் ‘ஏன் அரும்பு?’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். ‘மொட்டுக்குப் போக இவனுக்கு இன்னும் எது வர வேண்டும்?’ என்று கேளுங்கள். மெய்யெழுத்தா, இரண்டு இலக்கக் கூட்டலா என்று குறிப்பாகச் சொல்வார். வீட்டில் அதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: செயல்திட்டம் என்று அட்டையில் வீடு செய்து வரச் சொல்கிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளையால் முடியுமா? நான்தான் இரவெல்லாம் செய்கிறேன். (ஒரு தந்தை, கிருஷ்ணகிரி)

பதில்: அப்படியானால் மதிப்பெண்ணும் உங்களுக்குத்தான். கோணலான வீட்டை அவனே செய்து எடுத்துப் போகட்டும். கத்தரிக்கோல் பிடிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: கடலை பிடுங்கும்போது ஆள் கிடைப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு மகனை ஒரு வாரம் நிறுத்தினால் படிப்பு கெட்டுவிடுமா? (ஒரு விவசாயி, அரூர்)

பதில்: கெடும். அந்த வாரத்தில் வகுத்தலையோ பின்னத்தையோ தொடங்கியிருப்பார்கள். அடுத்த மாதப் பாடம் அதன்மேல்தான் ஏறும். ஒரு வாரம் விட்டவன் அரையாண்டு வரை விழிப்பான். ஆள் கூலி எவ்வளவு, கடலை என்ன விலைக்குப் போகிறது என்பது தெரியாமல் நான் பேசவில்லை. சனி, ஞாயிறு அவன் காட்டுக்கு வரட்டும். வரும்போது ஒரு வேலை கொடுங்கள். நான்கைந்து செடியில் காய்களை எண்ணி, ஒரு செடிக்குச் சராசரி எத்தனை, ஒரு வரிசையில் எத்தனை செடி, மொத்தம் எத்தனை காய் என்று கணக்குப் போடட்டும்.

கேள்வி: மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை. பேத்தி என்னிடம் வளர்கிறாள், நான்காம் வகுப்பு. காலையில் பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். படிப்பைப் பற்றிக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. (ஓர் ஆயா, ஏரியூர்)

பதில்: காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்கார வேண்டியதில்லை. அடுப்படி அவசரம் உங்களுக்குக் குறைந்தது. அந்த நேரத்தில் பேத்தியைப் பள்ளி வரை கொண்டுபோய் விடுங்கள், ஆசிரியர் முகம் பழகும்.

இரவில் போன் வரும்போது மகன் ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்றுதான் கேட்பார். இரண்டுக்கும் பேத்தி ‘ம்’ சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அன்றைய பாடத்திலிருந்து ஐந்து வரி போனில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே களைத்துப் படுத்திருக்கும் அம்மாவுக்கும் அது நல்லது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதுகாவலரும் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பாதுகாவலர் என்றால் நீங்கள்தான். மகன் ஊரில் இல்லை என்று ஒதுங்காமல், குழுவில் சேர என்ன செய்ய வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது பேத்தியின் நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். திருத்தாமல் விட்ட பக்கம் இருந்தால் காட்டிக் கேட்கலாம்.