7 வாரக் கர்ப்பத்தில் இரண்டு நாளாக இரத்தக் கசிவு. ஓய்வெடுத்தால் போதுமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

போங்கள். இன்றைக்கே போங்கள். கேட்டதற்கு நேரான பதில் அவ்வளவுதான். மீதியை ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

கேள்வியின் கடைசியில் "வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். மாமியார் வீடு, ஒரே குளியலறை, மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. இது என் ஊகம்தான், தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் டாக்டரும் இல்லை, மிஸியும் (நர்ஸ்) இல்லை. மலேசியாவில் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் கியூ.சி. (தரப் பரிசோதனை) வேலை பார்த்தவள். மூன்று முறை கருவுற்றேன், மூன்று முறையும் இரத்தம் பார்த்தேன். இப்போது இரண்டு பிள்ளைகள். "படிக்காதவர்கள் மருத்துவம் பேசக் கூடாது" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: நான் மருந்து எதுவும் எழுதித் தரப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் சொல்கிறேன். அதில் என்ன தப்பு?

முதல் முறை 2014இல். ஒன்பதாவது வாரம், காப்பித் தூள் கரைத்தது போல லேசாக ஒரு கறை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள், ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள், படுத்திருக்கச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை, எடுக்கும்படி வேறு இடத்துக்கு அனுப்பவும் இல்லை. பத்து நாள் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். பதினோராவது நாள் கட்டி கட்டியாகப் போக ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தபோது கரு ஆறாவது வாரத்து அளவிலேயே நின்றிருந்தது. கறை தெரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. இரத்தம் போனதால் கரு கலைந்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடந்தது தலைகீழ்: கரு வளராமல் நின்றதால்தான் இரத்தம் வந்தது. அந்தப் பத்து நாள் படுக்கை எதையும் காப்பாற்றியிருக்காது. ஸ்கேன் எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து நாள் முன்னாலேயே தெரிந்திருக்கும். கழிப்பறையில் தனியாக உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டி வந்திருக்காது.

சொந்தக்காரர்கள் காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனாளாம். ரொஜாக்கில் (பழக் கலவையில்) அன்னாசி தின்றாளாம். உடம்பு சூடாம். டாக்டரிடம் அன்னாசியைப் பற்றியே கேட்டேன், வெட்கப்படவில்லை. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை தப்பாக அமைந்துவிடுவதுதான், அதற்கும் நீங்கள் தின்றதற்கும் சம்பந்தமில்லை என்றார். வீட்டில் வந்து சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது 2016, தைப்பூசம். சனிக்கிழமை ரதம், ஞாயிற்றுக்கிழமை பூசம். அப்போது ஜெலுத்தோங்கில் பிளாட் வீட்டில் இருந்தோம். எனக்கும் சரியாக ஏழு வாரம், உங்களைப் போலவே. போன கருவை நினைத்து என் கணவர் பால்குடம் வேண்டியிருந்தார். சுங்கை பட்டாணியிலிருந்து மாமியாரும் இரண்டு நாத்தனார்களும் வந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பூசத்தன்று விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறைக்குப் போகிறேன், இரத்தம். இந்த முறை காப்பித் தூள் நிறம் இல்லை, புது இரத்தம்.

உடனே நினைவுக்கு வந்தது குழந்தை இல்லை. தீட்டு. விரதம் இருக்கிற மனிதர் இன்னும் இரண்டு மணி நேரத்தில் குடம் எடுக்கப் போகிறார், வீட்டில் இரத்தம் என்று எப்படிச் சொல்வது? துணியை அலசினேன். தரையைக் கழுவினேன். இரண்டு முறை தண்ணீர் இழுத்துவிட்டேன். டிஷ்யூவை மடித்து வைத்துக்கொண்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து பால் காய்ச்சினேன். ஐந்து மணிக்கு அவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். "களைப்பாக இருக்கிறது" என்று சொல்லி நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. கீழ்வீட்டுச் சீனத்து அக்காதான் காரில் ஏற்றினார். பூசத்தன்று பினாங்கில் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கால் மணி நேரத் தூரத்துக்கு ஒரு மணி நேரம். தண்ணீர்ப் பந்தலில் கேட்கிற பாட்டுக்கெல்லாம் அந்த அக்கா ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி வந்தார். எனக்குப் பயம் வரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்று பின்னால் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் மிஸி கேட்ட முதல் கேள்வி: "பெராப்பா பேட் சூடா துக்கார்?" எத்தனை பேட் மாற்றினாய் என்று. எனக்குத் தெரியவில்லை. நிறம்? இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை. கட்டி வந்ததா, சதை போல ஏதாவது? தண்ணீர் ஊற்றிவிட்டேன். வலி ஒரு பக்கமா, நடுவிலா? அது ஒன்றுக்குத்தான் பதில் இருந்தது. மிஸி ஒன்றும் திட்டவில்லை, பேனாவை மட்டும் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போது வந்த கோபம் என் மேல்தான். வேலையிடத்தில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் நாங்கள் தூக்கிப் போடமாட்டோம். சீட்டு ஒட்டி, நேரம் எழுதி, சிவப்புத் தொட்டியில் தனியாக வைப்போம். தூக்கிப் போட்டுவிட்டால் மெஷினில் என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தினமும் அதைச் செய்கிறவள், என் உடம்பு காட்டியதை மட்டும் அவசர அவசரமாகக் கழுவிவிட்டு வந்து நிற்கிறேன்.

அதனால் தங்கச்சி, எதையும் கழுவிவிடாதீர்கள். டிஷ்யூ வேண்டாம், பேட் வையுங்கள், அதில்தான் அளவு தெரியும். மாற்றிய நேரத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியோ சதையோ வந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அருவருப்புப் பட வேண்டாம், அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

ஸ்கேன் கருவியைப் பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியாது. உள்ளே வைத்துப் பார்ப்பதால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. கூச்சம் இருக்கும், இரண்டு நிமிடம். எனக்குப் பார்த்தது ஒரு சின்ன வயது மலாய் டாக்டர். திரையைத் திருப்பிக் காட்டினார். அரிசி மணி அளவில் ஏதோ ஒன்று, நடுவில் மினுக் மினுக்கென்று துடிப்பு. பக்கத்திலேயே பிறை போல ஒரு கறுப்புப் பட்டை. கருப்பைச் சுவருக்கும் கருவைச் சுற்றிய சவ்வுக்கும் நடுவே தேங்கிய இரத்தக் கட்டு அது. அந்தக் கட்டு கரையும்போது பழுப்பாகக் கசியும், சில சமயம் சிவப்பாகவும் வரும், பெரும்பாலும் தானாக வடிந்துவிடும் என்றார். முதல் மூன்று மாதத்தில் நால்வரில் ஒருவர் இரத்தம் பார்க்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் நல்லபடியாகவே பிள்ளை பெறுகிறார்கள், துடிப்பும் தெரிந்துவிட்டதால் உனக்கு நம்பிக்கை இன்னும் அதிகம் என்றும் சொன்னார். எனக்கு பதினோராவது வாரம் வரை விட்டு விட்டு வந்து நின்றது. அந்தக் கட்டுக்குச் சொந்தக்காரி இப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள், வாய் ஓயாது.

உங்களுக்கும் அதேதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கருப்பை வாய் அந்த நேரத்தில் மென்மையாக இருக்கும், கணவன் மனைவி சேர்ந்த மறுநாள் லேசாகக் கசியலாம். தொற்றாக இருக்கலாம். அபூர்வமாக முத்துப்பிள்ளையாக (கரு சரியாக உருவாகாமல் திராட்சைக் கொத்து போல வளர்வது) இருக்கலாம், அதுவும் ஸ்கேனில்தான் தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இதில் எது இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 999 கூப்பிடுங்கள். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அப்படித்தான் காட்டும், இரத்தம் வெளியே கொஞ்சமாகத்தான் வரும், உள்ளே கொட்டும். நிபோங் தெபாலில் என் சித்தி மகள் அதை கேஸ்டிரிக் என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பிழைத்தது அதிர்ஷ்டம். அதே போல, பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஓய்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். களைப்பாக இருந்தால் படுங்கள், அவ்வளவுதான். ஹார்மோன் மருந்து, முன்னால் கரு கலைந்து இப்போது இரத்தமும் வருகிறவர்களுக்குப் பலன் தரலாம். அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, தோழி கொடுத்த மிச்ச மாத்திரை வேண்டாம். ஸ்கேனில் ஒன்றும் தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டு நாள் இடைவெளியில் இரத்தப் பரிசோதனை, இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் என்பார்கள். அந்த ஒரு வாரத்துக்கு என்னிடம் மருந்து எதுவும் இல்லை.

எம்.சி. (மருத்துவ விடுப்பு) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2014இல் கரு கலைந்து நான்கு நாள் எம்.சி. எடுத்தேன். அந்த மாதம் எங்கள் தொழிற்சாலையில் வருகைப் படி எண்பது வெள்ளியை (ரிங்கிட்) வெட்டினார்கள். சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "எம்.சி. என்றால் எம்.சி.தானே" என்றார். சட்டமும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான். 22 வாரத்துக்குப் பிறகு நடந்தால்தான் பேறுகாலம் என்று கணக்கு. 2023 ஜனவரியிலிருந்து பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாவது வாரத்தில் இழந்தவளுக்கு இன்றைக்கும் காய்ச்சல்காரருக்குக் கிடைக்கிற அதே எம்.சி.தான். சரி, விடுங்கள், எழுதினால் எழுதிக்கொண்டே போவேன்.

பூசத்தன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னேன், திட்டுக்குத் தயாராக. "ஏம்மா சொல்லல?" என்றார். தீட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "புள்ளைக்காகத்தானே பால்குடம். புள்ளையே போகுதுன்னா குடம் எதுக்கு?" என்றார். அன்றைக்கு இரவுதான் தெரிந்தது, ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அவருக்கு இரண்டு கலைந்திருக்கின்றன. பால்வெட்டுக்குப் போகாமல் ஒரே ஒரு நாள் படுத்திருக்கிறார். மாமனாரிடம்கூட வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்னாசிக் கதையைக் கிளப்பியவரும் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2019இல் மூன்றாவது. மூத்தவள் ஆபரேஷனில் பிறந்தவள். இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருந்தது. 32ஆவது வாரம், வலியே இல்லாமல் சிவப்பாகக் கொட்டியது. உங்களுக்கு இது இப்போது தேவையில்லை என்றாலும் நினைவில் வையுங்கள்: அந்த மாதங்களில் இரத்தம் வந்தால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். வயிறு கல்லாக இறுகி வலித்தால் இன்னும் அவசரம். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும்வரை உள்ளே கைவிட்டுப் பார்க்கமாட்டார்கள். கிளினிக்கில் மஞ்சள் ஒட்டியிருந்த என் பிங்க் புத்தகத்தில் (கர்ப்பகாலப் பதிவேடு, ஆபத்தின் அளவுக்கு ஏற்ப நிறம் ஒட்டுவார்கள்) அன்று சிவப்பு ஏறியது. என் இரத்த வகை ஓ நெகட்டிவ், என் கணவருக்கு பாசிட்டிவ். தாயின் உடம்பு குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியும் போட்டார்கள். நம் ஆட்களில் நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள், மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் அதைவிட மிகக் குறைவு. உங்கள் இரத்த வகை தெரியாவிட்டால் இன்றைக்கே கேட்டு வையுங்கள். ஐந்து வாரம் வார்டில் வைத்திருந்து 37ஆவது வாரம் பையனை எடுத்தார்கள்.

32ஆவது வாரம் இரத்தம் கொட்டிய அன்று ஆஸ்பத்திரிக்கு என்னோடு காரில் வந்தது மாமியார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மிஸி வழக்கம் போல எத்தனை பேட் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கைப்பையிலிருந்து நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் மூன்று கோடு. கூடவே முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

கிளம்புங்கள். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று முடிந்தால் கீழே ஒரு வரி போடுங்கள்.