ஹினாதாவின் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டு வருடமாக நருட்டோ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பார்க்கிறாள். ஜப்பானிய மொழியில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம். அதில் ஹினாதா என்ற கூச்ச சுபாவமுள்ள பெண் என்றால் அவளுக்கு உயிர். போன வாரம் ஒரு கச்சேரி வீடியோவைக் காட்டி, "இவங்கதாம்மா ஹினாதா" என்றாள். பெரிய அரங்கம், கடல் போலக் கூட்டம், நடுவில் ஒருவர் உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார். நானா மிசுகி என்று பெயர் சொன்னாள். எங்கா என்ற இசை வகையில் பாடகியாக வேண்டும் என்று சிறு வயதிலிருந்து பயின்றவர், அது கைகூடாமல் குரல் நடிப்புக்கு வந்தவராம். எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்ட இவளும் இப்போது குரல் நடிப்புக்குப் போகப்போகிறேன் என்கிறாள். பாட்டில் மேலே வர முடியாதவர்கள் ஒதுங்கும் இடம்தானே அது? நீங்கள் ஜப்பானிய அனிமே பற்றி முன்பு எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி, இருவரும் ஒருவரேதான். ஆனால் "ஒதுங்கும் இடம்" என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. குரல் நடிப்புக்குப் போனதால்தான் நானா மிசுகி இத்தனை பெரிய பாடகியானார் என்று நான் நம்புகிறேன்.

ஷிகோகு தீவில் எஹிமே மாநிலத்தின் நீஹாமா அவர் ஊர். பெஸ்ஷி செப்புச் சுரங்கத்தால் வளர்ந்த தொழில் நகரம். 1980இல் பிறந்தார். அப்பா செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் தொழில்நுட்பர், கூடவே பாட்டும் சொல்லிக்கொடுப்பவர். மகளை எங்கா பாடகியாக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார்.

எங்கா என்பது ஜப்பானியர்களின் பழைய பாணிப் பாட்டு. துறைமுகம், மழை, பிரிவு, விட்டுவந்த ஊர் என்று அதன் உலகமே தனி. பல எங்கா பாடல்கள் ஐந்து ஸ்வரங்களுக்குள் நிற்பவை. உங்கள் மகளைச் சிவரஞ்சனி பாடச் சொல்லி, அதில் தைவதத்தை மட்டும் சுத்த தைவதமாக இறக்கச் சொல்லுங்கள். அந்தச் சோகத்தின் சாயல் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கேட்கும். கொபுஷி என்று ஒன்று உண்டு, ஒரு ஸ்வரத்தைச் சட்டென்று சுழற்றிவிட்டு இருந்த இடத்துக்கே திரும்புவது. அது கமகம் இல்லை. ஆனால் கமகம் கேட்டுப் பழகிய காது அதை உடனே கண்டுகொள்ளும்.

பதினைந்து வயதில் தோக்கியோவுக்குப் போய், பல நட்சத்திரங்கள் படித்த ஹோரிகோஷி பள்ளியில் சேர்ந்தார். எங்கா பாடகியாகும் வாய்ப்பு வரவே இல்லை. பள்ளியில் படிக்கும்போதே குரல் நடிப்புப் பயிற்சியிலும் சேர்ந்தார். 1990களின் கடைசியில் ஒரு வீடியோ கேமில் முதல் பாத்திரம். 2000 டிசம்பரில்தான் கிங் ரெக்கார்ட்ஸ் வழியாக முதல் பாட்டு வந்தது.

ஜப்பானில் அனிமேக்குக் குரல் பதிவு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறையின் முன்னால் திரை, அதற்கு எதிரே வரிசையாக மூன்று நான்கு மைக்குகள். சுவரோரம் நடிகர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். தன் வசனம் வரும்போது எழுந்து, காலியாக உள்ள மைக்குக்கு நடந்துபோய், பேசி முடித்துப் பின்வாங்கி அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். கையில் வசனப் புத்தகம். தாளைப் புரட்டும் சத்தம் கேட்கக் கூடாது, சரசரக்கும் துணி உடுத்தக் கூடாது. திரையில் அந்தப் பெண் மூச்சு வாங்கினால் இவரும் அதே நேரத்தில் மூச்சு வாங்க வேண்டும். பாட்டில் மூச்சை மறைக்கத்தான் கற்றுக்கொடுப்பார்கள். இங்கே அந்த மூச்சையே கேட்கும்படி கொடுக்க வேண்டும்.

ஹினாதாவை அப்படிக் கேட்டுப் பாருங்கள். "நா... நருட்டோ குன்" என்று கூப்பிடுவதற்கு முன் பாதியில் நிற்கும் ஒரு மூச்சு இருக்கிறது. பெயரைவிட அதில்தான் அந்தப் பெண் இருக்கிறாள். 2010இல் வந்த ஓர் அத்தியாயத்தில், பெய்ன் என்ற எதிரி கதாநாயகன் நருட்டோவை வீழ்த்தி நிற்கையில் ஹினாதா குறுக்கே வந்து தன் காதலைச் சொல்வாள். யாராயிருந்தாலும் குரலை ஏற்றிப் பேசிவிடத் தோன்றும் இடம் அது. மிசுகி ஏற்றவில்லை. அதே சன்னமான குரல், நடுக்கம் மட்டும் போயிருக்கும். அந்த வருடம் ஜனவரியில்தான் அவருடைய பாட்டு ஜப்பானின் இசை விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் வாரப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. குரல் நடிகை ஒருவர் தனிப்பாடலில் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. அத்தனை பெரிய தொண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திறக்காமல் இருப்பதும் சங்கீத ஞானம்தான் என்பேன்.

தொண்டையைத் திறந்த இடம் வேறு. 2005இல் வந்த லிரிக்கல் நானோஹா தொடரின் இரண்டாம் பாகம். அதில் ஃபேட் என்ற அமைதியான, தனிமைப்பட்ட சிறுமிக்குக் குரல் அவருடையது, தொடக்கப் பாட்டும் அவருடையது. "எடர்னல் பிளேஸ்" என்ற அந்தப் பாட்டு வார விற்பனையில் இரண்டாம் இடம் வரை போனது. மெதுவாகத் தொடங்கி ஒரே பாய்ச்சலில் மேலே போகும். கதைக்குள் ஃபேட்டால் சொல்ல முடியாததையெல்லாம் பாட்டில் சொல்லித் தீர்ப்பதாகவே எனக்குப் படும்.

இரண்டும் ஒன்றாகக் கலந்தது 2012இல் தொடங்கிய சிம்ஃபோகியர் என்ற தொடரில். அதில் பெண்கள் பாடிக்கொண்டேதான் சண்டை போடுவார்கள், பாட்டு நின்றால் கவசத்தின் வலுவும் போய்விடும். மிசுகிக்கு வாளேந்திய சுபாஸா பாத்திரம். சண்டைப் பாட்டுகளை வசனப் பதிவின்போதே, காட்சியைப் பார்த்தபடியே பாடியிருக்கிறார்கள். அடி விழுந்தால் சுருதி கலங்க வேண்டும், தள்ளாடி எழுந்தால் வரி பாதியில் தொடங்க வேண்டும். ஒலித்தட்டில் அதே பாட்டைச் சுத்தமாகக் கேட்டுவிட்டு, பிறகு தொடரில் கேளுங்கள். எனக்குத் தொடரில் உள்ளதுதான் பிடிக்கும். பாடத் தெரிந்தவரும் நடிக்கத் தெரிந்தவரும் ஒருவராக இல்லாமல் அது நடக்காது.

இவருக்கு முன்னும் பாதை இருந்தது. மெகுமி ஹயாஷிபாரா 1990களிலேயே நடிப்பையும் பாட்டையும் சேர்த்து நடத்தியவர். ஹெகிரு ஷீனா 1997இல் புடோகான் அரங்கில் பாடினார். மிசுகி அதே அரங்கில் 2005இலும், தோக்கியோ டோமில் 2011 டிசம்பரிலும், கோஷியென் பேஸ்பால் மைதானத்தில் 2016இலும் பாடினார்.

இனி உங்கள் மகள். இந்தத் தொழில் சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானில் குரல் நடிகர்களுக்குத் தர வரிசை உண்டு. புதியவருக்கு அரைமணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு 15,000 யென் என்பது பல காலமாக உள்ள கணக்கு, ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதேதான். பயிற்சிப் பள்ளிகளுக்கு வருடாவருடம் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், நிலைப்பவர்கள் கொஞ்சம். வருமானத்தை நினைத்து நீங்கள் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. பாட்டு வீணாகிவிடும் என்ற கவலை மட்டும் வேண்டாம். சங்கீத வகுப்பை அவள் நிறுத்தக் கூடாது, அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நீங்களும் அவளும் சேர்ந்து கேட்க ஒரு பாட்டு சொல்கிறேன். மிசுகியின் அப்பா 2008இல் இறந்துபோனார். அடுத்த வருடத் தொடக்கத்தில் "ஷின்னாய்" என்ற பாட்டு வந்தது, வரிகளும் மிசுகியே எழுதியவை. அந்த வருடம் டிசம்பர் 31 இரவு என்எச்கே தொலைக்காட்சியின் கோஹகு மேடைக்கு அவரை அழைத்தார்கள். வருடக் கடைசி நாளில் ஜப்பானே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் பாட்டு நிகழ்ச்சி அது, எங்கா பாடகர்களுக்குக் கோயில் மாதிரி. அங்கே அவர் பாடியது இந்தப் பாட்டுதான். எங்கா அல்ல, அனிமே தொடர் ஒன்றின் தொடக்கப் பாட்டு. வரி முடிவில் நீட்டி நிறுத்தும் ஸ்வரங்களைக் கவனியுங்கள். குரல் நேராகப் போய், கடைசியில் மெல்ல அசையும். அது நீஹாமாவில் அப்பா சொல்லிக்கொடுத்தது.