கடல் பக்கத்திலேயே இருக்கிறது, மீன் தொட்டிக்கு அந்தத் தண்ணீர் போதாதா?

வாசகர் கேள்வி – பதில்

மரக்காணம் கடற்கரையோரத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் வீடுகளுக்கு மீன் தொட்டி அமைத்துத் தருபவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், எங்கள் வீட்டில் மூன்றடித் தொட்டி இருக்கிறது. 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். இப்போது நாலு கோல்டு ஃபிஷ் வளர்க்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு நெமோ மீன் (ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன்) வேண்டுமாம். கடையில் கேட்டால் முப்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். என்னால் எட்டாயிரம் வரைதான் முடியும். தேவனாம்பட்டினம் கடல் எங்களுக்குப் பக்கம். நாலு கேன் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினால் போதாதா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் நன்னீர்த் தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்றலாம் அம்மா, எட்டாயிரத்துக்குள்ளேயே மாற்றலாம். கடைக்காரர் சொன்ன தொகையும் தப்பில்லை. அது பவளம் வளர்க்கிற தொட்டிக்கான கணக்கு. விலை கூடிய விளக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், கழிவை நுரையாக எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் எல்லாம் அதற்குத்தான். நாலைந்து சின்ன மீன் வளர்க்க அவை எதுவும் தேவையில்லை. உங்கள் காசு இரண்டே இடத்துக்குப் போகட்டும்: உப்பு, அளக்கிற கருவிகள். மிச்சமெல்லாம் பொறுமையில் நடக்கிற வேலை.

தொட்டி, ஸ்டாண்டு, எல்.இ.டி. விளக்கு, ஏர் பம்ப் நாலும் அப்படியே உதவும். கலர் கல்லையும் மரக்கட்டையையும் எடுத்துவிடுங்கள். தொட்டி மூடியில் இரும்பு ஆணியோ தகரமோ இருந்தால் கழற்றுங்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தண்ணீரில் சொட்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு எப்போதாவது மயில்துத்தம் கலந்த மருந்து ஊற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அதிலுள்ள தாமிரம் கல்லிலும் சிலிக்கான் ஒட்டிலும் தங்கிவிடும். அந்தத் தொட்டியில் மீன் பிழைத்தாலும் நத்தையும் இறாலும் பிழைக்காது.

கோல்டு ஃபிஷ் உப்புத் தண்ணீரில் வாழாது. தெரிந்தவர்கள் வீட்டுக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து கெடிலத்தில் விடாதீர்கள். ஆற்றுக்கு அது அந்நிய மீன்.

இப்போது கடல் தண்ணீர். நான் இதிலேயே வாழ்ந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வங்கக்கடலின் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் எந்த மாதம், எந்த இடம் என்பது முக்கியம். கடலூரில் கரையோரத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரும் கலந்தது. வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணை, தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம், துறைமுகத்தில் உப்பனாறும் பரவனாறும் கடலில் சேர்கின்றன. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைமழையில் ஆறு பெருகி வரும்போது கரையோர உப்பு வெகுவாகக் குறைந்துவிடும், சேறும் வரும். 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை எப்படி வந்தது என்று பார்த்தீர்கள் அல்லவா? அந்த மாதிரிச் சமயத்தில் ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது. ஆலைப்பேட்டை ஓரமாக வருகிற உப்பனாற்று முகத்துவாரத்தில் எந்த மாதமும் எடுக்க வேண்டாம். வேதிப்பொருளும் உலோகமும் கலந்திருந்தால் அதைத் துணியில் வடிகட்டியோ குளோரின் போட்டோ நீக்க முடியாது.

எடுப்பதானால் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, மழை பெய்து பல நாள் ஆன பிறகு, ஃபைபர் போட்டில் போகிறவர்களிடம் கேன் கொடுத்து, கரை கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் மொண்டு வரச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, சின்ன போட்டுகள் போகும். சமையல் எண்ணெய் கேன், பெயின்ட் டப்பா வேண்டவே வேண்டாம். தண்ணீர் கேன்தான் சரி.

வந்த தண்ணீரைப் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றுங்கள். பொரிப்பகத்தில் நாங்கள் செய்வதையே சிறிய அளவில் செய்யலாம். 30 சதவீதக் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 100 லிட்டருக்கு 3 முதல் 4 கிராம். ஒரு மக் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் டிரம்மில் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் ஏர் பம்ப்பை ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். மகனை இந்த வேலைக்கு விடாதீர்கள். மறுநாள் குளோரினை முறிக்கும் ஹைப்போ படிகத்தை ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகப் போட்டுக் கலக்கி, குளோரின் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்தால் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் குளோரின் இன்னும் இருக்கிறது. நிறமே வராதபோதுதான் அது மீனுக்குத் தண்ணீர்.

இவ்வளவு செய்யப் போட்டும் ஆளும் டிரம்மும் இருந்தால் கடல் தண்ணீர் லாபம். இல்லையென்றால் மரைன் சால்ட், அதாவது கடல் நீரின் சத்தெல்லாம் சேர்த்துத் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு, வாங்குவதே மேல் என்பேன். உங்கள் தொட்டி விளிம்பு வரை 159 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடைவெளி, மணல், கல் போக 130 லிட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் என்றால் முதல் தடவைக்கு 5 கிலோவுக்குள் முடிந்துவிடும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் போதும். அதாவது ஒரு கேன் ஆர்.ஓ. தண்ணீர், 700 கிராம் உப்பு. மாதம் ஒன்றரைக் கிலோ. இந்த மாதச் செலவைத் தாங்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். பாதியில் உப்பு வாங்க முடியாமல் தண்ணீர் மாற்றாமல் விடுவதில்தான் பல வீடுகளில் மீன் சாகிறது. உப்பை முந்தைய நாளே தனி பக்கெட்டில் கரைத்து ஓடவிட்டு மறுநாள் ஊற்ற வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நேராகக் கொட்டவே கூடாது.

போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. கேன் போதும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி ஒவ்வொரு கேனையும் பாருங்கள், கடைக்குக் கடை மாறும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அடர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து) 1.023-லிருந்து 1.025 வரை இருக்கட்டும். வற்றுகிற தண்ணீருக்குப் பதில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. சித்திரை வெயிலில் ஃபேன் ஓடும் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலும் குறையலாம். கண்ணாடியில் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவிட்டால் மகனே தினமும் பார்த்து ஊற்றுவான்.

தரைக்குக் கோழித் தீவனக் கடையில் விற்கும் நொறுக்கிய கிளிஞ்சலை நன்றாக அலசிப் போடலாம். கிளிஞ்சல் போட்டாலே பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) தானாக மாறாமல் நிற்கும் என்பார்கள். அப்படி இல்லை. பி.ஹெச். 8-க்கு மேலே இருக்கும்போது அது கரையவே கரையாது. பி.ஹெச்.சைக் காப்பது ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுவதுதான்.

அடுத்தது காத்திருப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொன்று அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். நன்னீர் ஃபில்டரில் இருந்த கூட்டம் உப்புக்குள் திடீரெனப் போனால் பெரும்பாலும் அழிந்துவிடும். எனவே புது ஸ்பாஞ்ச் போட்டுப் புதிதாக வளர்க்க வேண்டும். இதில் கடல் தொட்டி ஒரு விதத்தில் கடுமையானது. நன்னீரில் பி.ஹெச். 7 இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.ஹெச். 8.2-இல், நம்மூர்ச் சூட்டில், அது பத்தில் ஒரு பங்கு வரை போகும். கோல்டு ஃபிஷ் தாங்கிய அளவை நெமோ தாங்காது. சந்தையில் வாங்கிய இறாலில் உரித்த ஒரு துண்டைத் துணியில் கட்டி வெறும் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் இறங்கும். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் இரண்டிலும் சுழியம் காட்டுகிற வரை எந்த மீனும் வேண்டாம்.

அப்போதும் நெமோ வாங்காதீர்கள். கருப்பு மோலி நாலு வாங்குங்கள். நன்னீர்க் கடையிலேயே கிடைக்கிற, விலை குறைந்த மீன். மெல்ல மெல்லப் பழக்கினால் முழுக் கடல் உப்பிலும் நன்றாக வாழும், குட்டி போடும், பாசி மேயும். தனி பக்கெட்டில் ஏர் பம்ப்போடு வைத்து, தொட்டித் தண்ணீரை நாளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு வாரத்தில் பழக்குங்கள். நன்னீரில் இருக்கும்போது மீன் தண்ணீர் குடிக்காது, உடம்புக்குள் வருகிற நீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடலில் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே தள்ள வேண்டும். அந்த வேலையை உடம்பு கற்றுக்கொள்ள நாள் வேண்டும். மோலிகள் இரண்டு மாதம் சுகமாக இருந்தால் தொட்டி நிலைபெற்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு ஜோடி நெமோ. பண்ணையில் பிறந்த குஞ்சு என்று கேட்டு வாங்குங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்த மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சு காய்ந்த தீவனத்தைச் சாப்பிடும், தொட்டிக்கும் பழகியிருக்கும். கூடவே கடற்சாமந்தி (கடலில் நெமோ ஒளிந்து வாழும், பூப்போன்ற உயிரி) வாங்கச் சொல்வார்கள். அது இல்லாமலே நெமோ நன்றாக இருக்கும்.

கேள்வி: மரக்காணம் உப்பளத்துக் கல் உப்பும் கடலில் இருந்து வந்ததுதானே? அதைக் கரைத்தால் மரைன் சால்ட் செலவு மிச்சமாகாதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆகாது. பாத்தியில் கடல் நீர் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். பிறகு சாப்பாட்டு உப்பு படியும். மெக்னீசியமும் பொட்டாசியமும் கசப்பு நீரோடு வடிக்கப்படும். நல்ல உப்பளக்காரர் அந்தக் கசப்பை எவ்வளவு ஒழுங்காக வடிக்கிறாரோ அவ்வளவு நல்ல உப்பு, மீனுக்கு அவ்வளவு உதவாத உப்பு. ஒரு லிட்டர் கடல் நீரில் மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் 0.4 கிராம் வீதம் இருக்க வேண்டும், பி.ஹெச்.சைத் தாங்கும் காரச் சத்தும் வேண்டும்.

சாப்பாட்டு உப்புக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தனித் திரவம் வாங்க வேண்டாம். உலர்ந்த தூள் உப்பு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 963.5 கிராம் நிறுத்துக் கரையுங்கள். ஒரு துளி வைத்தால் உப்பளவு (ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்ற கோட்டில்) 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பி 35-க்குக் கொண்டு வாருங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) எடுத்துவந்து மலிவாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், முதுநகர், கடலூர்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. பவளப்பாறைகளை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கடல்குதிரையும் அப்படித்தான். உடைத்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்கள், அந்தப் பாறை அங்கே இருந்தால்தான் மீன் குஞ்சுகளுக்கு ஒளிய இடம். அதைப் பெயர்த்து நாலு மீனுக்காக நம் கூடத்தில் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பாக்டீரியா தங்க நுண்துளை இருந்தால் போதும். பூச்சு இல்லாத புது மண்சட்டியை உடைத்த ஓடு, செராமிக் வளையம் இரண்டையும் அடுக்கிக் குகை மாதிரி செய்யுங்கள். ஆறு மாதத்தில் பாசி படர்ந்து பாறை போலவே ஆகிவிடும்.

கேள்வி: கடல் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரவில் சத்தம் என்று ஏர் பம்ப்பை நிறுத்துகிறோம்.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏர் பம்ப்பை இனி நிறுத்தாதீர்கள் அம்மா. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், கடல் நீர் 6-ஐ ஒட்டித்தான். இரவில் பாசியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். சத்தம் தொந்தரவு என்றால் பம்ப்பைத் துணிக்கயிற்றில் தொங்கவிடுங்கள், அதிர்வு குறையும். அல்லது தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரான பவர்ஹெட் ஒன்றை மேல்மட்டத்தைக் கலக்கும்படி திருப்பி வையுங்கள். பகலில் ஒரு டேபிள் ஃபேன் தண்ணீர் மேல் வீசினால் இரண்டு டிகிரி இறங்கும்.

கரன்ட் போவதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். 2011-இல் தானே புயல் அடித்தபோது நம் பகுதியில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் மாற்று பேட்டரிகளும் ஐப்பசிக்கு முன்பே வீட்டில் இருக்கட்டும். கரன்ட் இல்லாத நாளில் தீவனம் போடாதீர்கள். நெமோவும் மோலியும் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும், காற்று இல்லாமல் சில மணி நேரம்கூடத் தாங்காது.